பெட்டிக்கு முன்னால் தேனீ வளர்ப்பே இல்லையா?

தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போகிறவர்கள் முதல் வகுப்பிலேயே கேட்கும் கதை ஒன்று உண்டு. ஆதியில் மனிதன் தேனைத் திருடினான். மரத்தில் ஏறினான், பாறையில் தொங்கினான், தீப்பந்தம் காட்டித் தேனீக்களைப் பொசுக்கினான், அடையைப் பிய்த்துக்கொண்டு ஓடினான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே கழிந்தன. பிறகு 1851-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியாருக்கு ஒரு யோசனை உதித்தது. அடை கட்டும் மரச்சட்டங்களைத் தூக்கி எடுக்கக்கூடிய சட்டப் பெட்டி வந்தது. அன்றைக்குத்தான் தேனீ வளர்ப்பு பிறந்தது. கையேடுகள், பள்ளிப் பாடங்கள், தேன் புட்டியோடு வரும் துண்டறிக்கைகள் எல்லாம் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ இதையே சொல்கின்றன. கதை சுருக்கமானது, சொல்லித்தர வசதியானது. ஆனால் தவறானது.

லாங்ஸ்ட்ராத்தைப் பற்றிய பகுதியில் தகராறு இல்லை. அடைக்கும் சுவருக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை மெழுகாலும் பிசினாலும் அடைக்காமல் நடைபாதையாக விட்டுவைக்கும் என்பதை அவர் கவனித்தார். அந்த அளவைச் சட்டங்களைச் சுற்றி நான்கு பக்கமும் விட்டுப் பெட்டி செய்தார். 1852 அக்டோபரில் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தப் பெட்டிதான் ஓடுகிறது. சிக்கல் கதையின் முன்பாதியில் இருக்கிறது. லாங்ஸ்ட்ராத்துக்கு முந்தைய நாலாயிரம் ஆண்டுகளை ஒரே ஒரு திருடனின் உருவத்துக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். ஸ்பெயினில் வலென்சியாவை அடுத்த பிகோர்ப் என்ற ஊருக்கருகே அரான்யா குகையில் ஒரு பாறை ஓவியம் இருக்கிறது. கயிற்றைப் பிடித்துத் தொங்கும் ஓர் ஆள், கையில் கூடை, சுற்றிலும் பறக்கும் தேனீக்கள். ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழைமை உடையது என்பார்கள். தேன் வரலாற்றைப் பேசும் நூல்களில் பெரும்பாலும் இந்தப் படம் இருக்கும். படம் உண்மையானதுதான், காட்டுத் தேன் எடுத்தல் உண்மையில் நடந்ததுதான். அதை வைத்து ‘முதலில் வேட்டை, கடைசியில் வளர்ப்பு’ என்று ஏணி கட்டுவதுதான் தவறு.

நீலகிரியில் குறும்பர்கள் இன்றைக்கும் கயிற்றேணி கட்டிப் பாறையிலிருந்து இறங்கித் தேன் எடுக்கிறார்கள். அவர்களுக்குப் பெட்டியைப் பற்றித் தெரியாது என்பதாலா? மலைத்தேனீ பெட்டியில் அடங்காது. திறந்த வெளியில், பாறை விளிம்பிலோ உயர்ந்த மரக்கிளையிலோ, ஒற்றை அடையாகத்தான் கட்டும். அந்தத் தேன் வேண்டுமானால் எந்த நூற்றாண்டிலும் ஏறித்தான் ஆக வேண்டும். பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் இனங்களை மட்டுமே வீட்டுக்குக் கொண்டுவர முடியும். எடுக்கும் முறையைத் தீர்மானிப்பது தேனீயின் இனம். ஒரே மலையடிவாரத்தில் பாறைத்தேன் எடுப்பவரும் தோட்டத்தில் இந்தியத் தேனீ வளர்ப்பவரும் ஒரே காலத்தில் வாழ்கிறார்கள். இதில் காட்டுமிராண்டிக் காலம் எது, நாகரிகக் காலம் எது?

சரி, வளர்ப்புக்குப் பழைய சான்று இருக்கிறதா? எகிப்தில் அபு குரப் என்ற இடத்தில் ஐந்தாம் வம்சத்து மன்னன் நியூசெர்ரே கட்டிய சூரியக் கோயிலின் சுவரில் கி.மு. 2400 வாக்கில் ஒரு புடைப்புச் சிற்பம் செதுக்கப்பட்டது. படுக்கை வாக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கூடுகளின் முன் ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். அடுத்து ஆட்கள் தேனைப் பாத்திரங்களில் ஊற்றுகிறார்கள். கடைசியில் ஒருவர் பாத்திரத்தின் வாயைக் கட்டி மூடுகிறார். இந்தக் காட்சியில் மரமும் இல்லை, பாறையும் இல்லை. கூட்டிலிருந்து எடுத்து, சேர்த்து, மூடிவைப்பது வரை ஒழுங்காக நடக்கும் வேலையைத்தான் சிற்பி செதுக்கியிருக்கிறான்.

ஆயிரம் ஆண்டுகள் கழித்துத் தீப்ஸ் நகரில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறை ஓவியத்தில், கி.மு. 1450 வாக்கில், அதே வேலை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒருவர் புகைச்சட்டியைக் கூட்டருகே பிடிக்கிறார். இன்னொருவர் அடைகளை வெளியே எடுக்கிறார். எடுத்த அடைகள் வட்டமாக இருக்கின்றன. காட்டுப் பொந்தில் கிடைக்கும் அடை பொந்தின் வடிவத்துக்கேற்பக் கோணல்மாணலாக இருக்கும். வட்ட அடை கிடைக்க வேண்டுமானால் தேனீ உருளைக் குழாய்க்குள் கட்டியிருக்க வேண்டும். அந்தக் குழாயை மனிதன் செய்து வைத்திருக்க வேண்டும்.

இந்தக் குழாய்க் கூட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. வழக்கிலிருக்கும் கதையின் பெரிய குற்றச்சாட்டு, ‘பழைய முறையில் தேனீயைக் கொல்லாமல் தேன் எடுக்க முடியாது’ என்பது. குழாய்க் கூட்டின் அமைப்பே அதற்குப் பதில் சொல்லிவிடும்.

மண்ணாலோ சுட்ட களிமண்ணாலோ செய்த நீண்ட உருளை. முன்பக்கம் தேனீ போய்வரச் சின்னத் துளை. பின்பக்கம் கழற்றி மாட்டும் மூடி. தேனீக்கள் வாசலை ஒட்டிய பகுதியில் முட்டை, புழு வளர்க்கும்; வாசலிலிருந்து தள்ளி, ஆழத்தில், தேனைச் சேமிக்கும். வளர்ப்பவர் முன்பக்கம் போகவே மாட்டார். பின்மூடியைத் திறந்து புகை போடுவார். தேனீக்கள் முன்னே, புழு அடைகளை நோக்கி ஒதுங்கும். பின்னால் இருக்கும் தேன் அடைகளை மட்டும் நீண்ட கத்தியால் அறுத்தெடுத்து மூடியைத் திரும்பப் பொருத்துவார். ராணியும் குஞ்சும் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்றைய பெட்டியில் கீழே புழு அறை, மேலே தேன் அறை என்று பிரித்திருக்கிறோமே, அதே தத்துவம் இங்கே படுக்கை வாக்கில் இருக்கிறது. எகிப்தில் இந்த மண்குழாய்களை நூற்றுக்கணக்கில் சுவர்போல் அடுக்கி இருபதாம் நூற்றாண்டிலும் வளர்த்தார்கள்.

அப்படியானால் கொன்று எடுத்தவர்கள் யார்? வட ஐரோப்பியர்கள். அங்கே வைக்கோல் புரியால் முடைந்து கவிழ்த்துவைத்த கூடைதான் கூடு. அதற்குப் பின்வாசல் கிடையாது. இலையுதிர் காலத்தில் அதிக எடையுள்ள கூடைகளையும், குளிர்காலத்தைத் தாங்காத அளவுக்கு எடை குறைந்தவற்றையும் தேர்ந்தெடுத்து, கந்தகம் எரியும் குழியின்மேல் வைத்துக் குடும்பத்தையே மூச்சடைக்கச் செய்து தேன் எடுப்பார்கள். நடுத்தர எடையுள்ளவை அடுத்த வசந்தத்துக்காக உயிர்தப்பும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் இதை எதிர்த்துச் சீர்திருத்தக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவர்கள் எதிர்த்தது நியாயம். ஆனால் அவர்கள் ‘பழைய முறை’ என்று சாடியது தங்கள் தாத்தாக்களின் முறையை. அந்தச் சொற்றொடர் கைமாறிக் கைமாறி, எகிப்தியரும் கிரேக்கரும் காஷ்மீரியரும் உட்பட உலகத்து முன்னோர் எல்லோர் தலையிலும் விழுந்துவிட்டது.

காஷ்மீரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1820-களில் அங்கே பயணம் செய்த வில்லியம் மூர்கிராப்ட் என்ற ஆங்கிலேயர் பார்த்ததை எழுதிவைத்தார். அந்தப் பயணநூல் 1841-இல் அச்சானது. வீடு கட்டும்போதே சுவருக்குள் மண் உருளைகளைப் பதித்துவிடுகிறார்கள். தேனீக்கு வெளிச்சுவரில் வாசல், வீட்டுக்காரருக்கு அறைக்குள் மூடி. தேன் எடுக்கும் நாளில் உள்ளேயிருந்து வைக்கோல் புகை காட்டுவார்கள்; தேனீக்கள் வெளிப்பக்கம் ஒதுங்கியதும் வேண்டிய அடைகளை எடுத்துக்கொண்டு மூடிவிடுவார்கள். குடும்பம் அப்படியே தொடரும். லாங்ஸ்ட்ராத் பெட்டிக்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, கந்தகக் குழி நாட்டிலிருந்து போன ஒருவர் கண்ணால் கண்டு சொன்ன சாட்சி இது.

அறுவடையில் எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது என்ற கணக்கும் பழையதுதான். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் விலங்கு வரலாற்று நூல் அதைத் தெளிவாகப் பேசுகிறது: அடை எடுக்கும்போது குளிர்காலத்துக்கான உணவை விட்டுவைக்க வேண்டும், போதிய அளவு விட்டால் குடும்பம் பிழைக்கும், குறைந்தால் சாகும் அல்லது பறந்துபோகும். திருடன் வீட்டுக்காரரின் அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

‘சரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வீட்டுக் கொல்லையில் நாலு கூடு வைத்திருப்பார்கள், அதைத் தொழில் என்று சொல்ல முடியுமா?’ என்பது அடுத்த வாதம். அதற்குப் பதில் ஜோர்டான் பள்ளத்தாக்கில் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. தெல் ரெஹோவ் என்ற மேட்டில் அமிஹாய் மாசார் தலைமையில் எபிரேயப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, 2007-இல், முழு உருவத்தோடு ஏறத்தாழ 30 கூடுகள் வரிசையாகக் கிடைத்தன. கி.மு. 10 – 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து செய்த உருளைகள்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் விட்டம். ஒருபக்கம் சிறு துளை, மறுபக்கம் பிடிவைத்த மூடி. மூன்று வரிசை, மூன்றடுக்கு. மொத்தம் நூறு கூடுகளாவது இருந்திருக்கும், ஆண்டுக்கு அரை டன் தேன் வந்திருக்கும் என்று அகழ்ந்தவர்கள் கணித்தார்கள். இவையெல்லாம் ஊருக்கு வெளியே தோப்பில் கிடைக்கவில்லை. ஜனங்கள் நெருங்கி வாழ்ந்த நகரத்தின் நடுவே கிடைத்தன.

எரிந்துபோன அடைகளுக்குள் கருகிய தேனீக்களும் இருந்தன. 2010-இல் வெளியான ஆய்வில் அவற்றின் சிறகையும் காலையும் அளந்து பார்த்தார்கள். அந்த வட்டாரத்துக்கே உரிய, சட்டென்று கொட்டும் சிரியத் தேனீயோடு அவை பொருந்தவில்லை. இன்றைய துருக்கியின் அனடோலியத் தேனீயோடு பொருந்தின. அது சாதுவானது, தேனும் அதிகம் தருவது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து அந்த இனத்தை வரவழைத்திருப்பார்கள் என்பது ஒரு விளக்கம். அந்தக் காலத்தில் இனங்களின் எல்லை வேறாக இருந்திருக்கலாம் என்பது இன்னொரு வாய்ப்பு. ஆய்வாளர்கள் இரண்டையும் சொன்னார்கள். முதல் விளக்கம் யாருக்கு அதிசயமாகத் தோன்றுகிறதோ அவர்கள் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கல்லைப் பார்க்கலாம். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் யூப்ரடீஸ் கரையில் சூகு என்ற நாட்டை ஆண்ட ஷமாஷ்-ரேஷ்-உசுர் அதில் பெருமையடித்துக்கொள்கிறான்: மலைநாட்டிலிருந்து தேனீக்களை இறக்கி என் ஊர்த் தோட்டத்தில் குடிவைத்தேன், எனக்கு முன்னிருந்த எவரும் செய்யாதது, மெழுகையும் தேனையும் காய்ச்சிப் பிரிக்கும் வித்தையும் அறிவேன் என்று. தேனீயை இடம்பெயர்த்துக் குடியேற்றுவது அன்றைக்கு ஓர் ஆட்சியாளன் கல்லில் வெட்டிப் பெருமைப்படும் வேலையாக இருந்தது.

ஒரு பொருள் தொழிலாகிவிட்டதா என்று அறிய இன்னொரு வழி, அதற்காக ஊரார் வழக்காடினார்களா என்று பார்ப்பது. துருக்கியில் கிடைத்த ஹிட்டைட் சட்டப் பலகைகள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை. தேனீக் கூட்டத்தைத் திருடினால் ஐந்து ஷெக்கெல் வெள்ளி அபராதம். இரண்டு மூன்று கூடுகளைத் திருடினால் ஆறு ஷெக்கெல். தேனீ இல்லாத வெறுங்கூட்டைத் திருடினாலும் மூன்று ஷெக்கெல். முன்பெல்லாம் கூடு திருடியவனைத் தேனீக்குக் கொட்டக் கொடுத்தார்கள், இப்போது பணம் என்று அந்தச் சட்டமே திருத்தத்தையும் சொல்கிறது. ஏதென்சில் சோலோன், ஒருவர் வைத்த கூடுகளிலிருந்து 300 அடி தள்ளித்தான் இன்னொருவர் வைக்க வேண்டும் என்று விதித்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். காட்டில் கிடைத்ததைப் பறித்துத் தின்னும் சமூகத்துக்கு வெறுங்கூட்டுக்கு விலை நிர்ணயிக்க வேண்டிய அவசியம் என்ன?

ரோமில் இது லாபக் கணக்கானது. கி.மு. 37-இல் வேளாண்மை நூல் எழுதிய வாரோ, பலேரி வட்டாரத்து அண்ணன் தம்பி இருவரைப் பற்றிச் சொல்கிறார். அப்பா விட்டுப்போனது சின்ன வீடும் ஒரு யூகெரும் நிலமும், அதாவது முக்கால் ஏக்கருக்கும் குறைவு. வீட்டைச் சுற்றித் தேன்கூடுகளை வைத்தார்கள். மிச்ச இடத்தில் தேனீக்குப் பிடித்த செடிகளைப் பயிரிட்டார்கள். விலை படியும் வரை காத்திருந்து விற்று ஆண்டுக்குப் பத்தாயிரம் செஸ்டர்ஸுக்குக் குறையாமல் பார்த்தார்கள். முதலாம் நூற்றாண்டில் பிளினி, போ ஆற்றங்கரையின் ஹொஸ்டிலியா ஊராரைக் காட்டுகிறார். பூ குறைந்ததும் கூடுகளைப் படகில் ஏற்றி இரவோடிரவாக ஐந்து மைல் நகர்த்துவார்கள். விடிந்ததும் தேனீக்கள் புதுக்கரையில் மேயும். தேன் நிரம்பிப் படகு அழுந்தும் ஆழத்தைப் பார்த்தே அறுவடைக்கு நேரமாகிவிட்டதென்று திரும்புவார்கள். லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ரப்பர்த் தோட்டம் தேடிப் போகும் மார்த்தாண்டத்துக்காரருக்கு இந்தப் படகுக்காரர் அந்நியர் அல்ல.

கடைசிக் கோட்டையாக ஒரு வாதம் நிற்கிறது: ‘என்ன இருந்தாலும் அடையைத் தூக்கிப் பார்த்துத் திரும்ப வைக்கும் வசதி லாங்ஸ்ட்ராத்துக்கு முன் கிடையாது.’ 1670-களில் கிரேக்கத்தில் சுற்றிய ஜார்ஜ் வீலர் ஏதென்சுக்கருகே ஹைமெட்டஸ் மலையின் மடத்தில் பார்த்ததை 1682-இல் அச்சிட்டார். மேலே அகன்று கீழே குறுகிய பிரம்புக்கூடை, உள்ளும் புறமும் மண்பூச்சு, வாயின் குறுக்கே பட்டையான குச்சிகள். ஒவ்வொரு குச்சியிலும் ஓர் அடை தொங்கும். வசந்தத்தில் குடும்பம் பெருகியதும் குச்சிகளை அடையோடு எடுத்துப் பாதியை வேறு கூடைக்கு மாற்றி ஒன்றை இரண்டாக்குவார்கள். கூட்டம் தானாகப் பிரிந்து ஓடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இது லாங்ஸ்ட்ராத்துக்குச் சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்பு அச்சில் வந்த செய்தி. மடத்துத் துறவிகளுக்கோ அன்றாட வேலை. 1970-களில் கென்யாவில் ஏழை விவசாயிகளுக்கென்று பரப்பிய மேல்குச்சிப் பெட்டி இந்தக் கிரேக்கக் கூடையின் வழித்தோன்றல்தான்.

இவ்வளவும் இருந்தும் திருடன் கதை ஏன் நிலைத்தது? ஒரு காரணம் தடயம். மண், வைக்கோல், மரப்பட்டை, பிரம்பு எதுவும் நிற்காது. தெல் ரெஹோவ் கூடுகள் சுடாத களிமண். ஊரை அழித்த தீ அவற்றை வேகவைத்ததால்தான் பிழைத்தன. ஊர் எரியாமல் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது வெறும் மண். சுட்ட கூடுகளைக்கூட அடையாளம் காண்பது எளிதல்ல. ஏதென்சுக்கருகே வாரி என்ற இடத்துப் பண்ணைவீட்டில் கிடைத்த ஓடுகளின் உட்புறத்தில் சீப்பால் கீறியதுபோன்ற வரிகள் இருந்தன. அடை வழுக்காமல் பிடிப்பதற்காகக் குயவர் போட்ட கீறல்கள் அவை என்று 1970-களில்தான், மெழுகின் எச்சத்தையும் சோதித்துப் பார்த்து, உறுதி செய்தார்கள். அந்தக் கீறலைக் கவனிக்காதவர் கைக்கு அது வெறும் பானை ஓடு.

இரண்டாவது காரணம், முன்னோரின் அறிவைப் பற்றிய ஏளனம். செத்த காளையின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்று நம்பியவர்கள்தானே என்பார்கள். அப்படி எழுதியவர்கள் உண்டு, கவிஞர் வர்ஜில் உட்பட. ஆனால் முதலாம் நூற்றாண்டில் கொலுமெல்லா என்ற விவசாய எழுத்தாளர் அந்தக் காளை வைத்தியத்தைக் குறிப்பிட்டுவிட்டு, அதெல்லாம் தேவைப்படும் அளவுக்குத் தேனீ அடியோடு அழிவதில்லை என்ற செல்சஸ் என்பவரின் கருத்தே சரி என்று ஒதுக்கிவிடுகிறார். செங்கல்லால் கட்டும் கூடு வேண்டாம், விற்கவோ வேறிடம் கொண்டுபோகவோ முடியாது என்கிறார். மண்பாண்டக் கூடு வெயிலில் கொதிக்கும், குளிரில் உறையும், கார்க் மரப்பட்டையே மேல் என்கிறார். இது மூடநம்பிக்கையில் மூழ்கியவரின் எழுத்தல்ல. பண்ணையில் வேலை பார்த்தவரின் எழுத்து. கவிஞரின் கற்பனையை விவசாயியின் வழக்கமாக எடுத்துக்கொண்டது நம் பிழை.

இதற்கு நேரெதிரான கட்சியும் இப்போது சந்தையில் இருக்கிறது. ‘அந்தக் காலத்தில் தேனீயைத் தொந்தரவு செய்யாமல் இயற்கையோடு இயைந்து வளர்த்தார்கள்’ என்று சொல்லி விலையுயர்ந்த புட்டிகளை விற்கிறார்கள். அதுவும் தப்பு. ரோமர்கள் கூட்டம் ஓடிப்போகாமல் தடுக்க ‘அரசன்’ என்று தாங்கள் கருதிய ராணியின் சிறகைக் கிள்ளினார்கள். பூ இல்லாத காலத்தில் அத்திப்பழத்தை வேகவைத்து ஊட்டினார்கள். இரவோடிரவாக ஊர் மாற்றினார்கள். நகரத்து நெரிசலில் நூறு கூடுகளை மூன்றடுக்கு வைத்த தெல் ரெஹோவை இயற்கை என்று எப்படி அழைப்பது? முன்னோரைத் திருடராக்குபவர்களும் முனிவராக்குபவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்: அவர்கள் கணக்குப் போட்டு உழைத்த தொழிலாளிகள் என்பதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

சட்டப் பெட்டி தந்த லாபத்தைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அடையைச் சிதைக்காமல் எடுத்து நோய் பார்க்கலாம். 1865-இல் ஹ்ருஷ்கா என்பவர் தேன் பிரிக்கும் சுழற்சி இயந்திரத்தைக் காட்டிய பிறகு தேனைப் பிரித்துவிட்டு வெற்றடையைத் தேனீக்கே திருப்பித் தரலாம்; மறுபடி மெழுகு கட்டும் உழைப்பு மிச்சம், தேன் பன்மடங்கு. 1910-களில் தென்னிந்தியாவில் பாதிரியார் நியூட்டன் இந்தியத் தேனீயின் அளவுக்கேற்பச் சட்டத்தைச் சிறிதாக்கினார். அந்தப் பெட்டி இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. ராணி ஒரு பெண், வெளியே பறந்துபோய் இனச்சேர்க்கை கொள்கிறது என்பதெல்லாம் பண்டையோர் அறியாதவை. இவை பெரிய மாற்றங்கள். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு தொழிலில் வந்த மாற்றங்கள்.

ஆகவே கையேடு எழுதுகிறவர்கள் முதல் பத்தியைத் திருத்த வேண்டும். 1851-ஐத் தொடக்கம் என்று போடாமல் திருப்பம் என்று போடட்டும். அரான்யா ஓவியத்துக்குப் பக்கத்தில் நியூசெர்ரேயின் சிற்பத்தையும் அச்சிடட்டும். அதைவிட அவசரமான வேலை ஒன்றும் இருக்கிறது. காஷ்மீரின் சுவர்க் கூடுகள், எகிப்தின் மண்குழாய்கள், மேற்குத் தொடர்ச்சி மலையோரத்துப் பானைக் கூடுகள், மரத்தடிக் கூடுகள் ஆகியவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். வேளாண் கல்லூரிகள் அவர்களிடம் பெட்டியை இலவசமாகக் கொடுக்கப் போகும்போது, ஒரு குறிப்பேட்டையும் அளவு நாடாவையும் கொண்டுபோய், மூடியை எந்தப் பக்கம் வைக்கிறார்கள், எந்த மாதம் எத்தனை அடையை விட்டுவைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.